76 கோடி டாலரும் ஒரே ஒரு தோல்வியும்: பேஸ்பாலின் கடைசி மாதக் கணக்கு

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க பேஸ்பாலில் வழக்கமான சீசனுக்கு அன்று கடைசி நாள். நியூயார்க் மெட்ஸ் மயாமிக்குப் போய் மார்லின்ஸுடன் ஆடியது. அது ஜெயித்து, சின்சினாட்டி ரெட்ஸ் தோற்றால் பிளே ஆஃப். ஆனால் 4-0 என்று தோற்றது. ஏறக்குறைய அதே நேரத்தில் மில்வாக்கியில் ரெட்ஸும் தோற்றது. இரண்டு அணிகளுக்கும் 83 வெற்றி, 79 தோல்வி. பிளே ஆஃபுக்குப் போனது ரெட்ஸ்.

இந்த மெட்ஸ்தான் அந்த சீசன் தொடங்குமுன் ஹுவான் சோட்டோ என்ற பேட்டரோடு 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அணி. எந்த விளையாட்டிலும் ஒரு வீரருக்கு அதுவரை அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடைத்ததில்லை. அதே வருஷம், மெட்ஸின் செலவில் பாதிகூடச் செய்யாத கிளீவ்லாந்து கார்டியன்ஸ், ஜூலையில் 15.5 ஆட்டம் பின்தங்கிக் கிடந்து, செப்டம்பர் முடிவில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். கோடிகளைக் கொட்டி வாங்கிய நட்சத்திரத்தால் ஒரே ஒரு வெற்றியைக் கூடுதலாகத் தர முடியாதா? பதில் சொல்ல முதலில் பிளே ஆஃப் கணக்கும், அப்புறம் சம்பளக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

162 ஆட்டம், 12 இடம்

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து அணிகள். ஒவ்வொரு அணியும் ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடும். அதாவது ஏறக்குறைய தினமும் ஆட்டம்.

2022 முதல் உள்ள விதி இப்படி:

1. ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் பிளே ஆஃபுக்குப் போகும். மூன்று பேர் பிரிவில் முதலிடம் பிடித்தவர்கள். மற்ற மூன்று பேர், பிரிவை ஜெயிக்காத அணிகளில் அதிக வெற்றி பெற்றவர்கள். இந்த மூன்று இடங்களுக்கும் வைல்ட் கார்டு என்று பெயர்.

2. பிரிவை ஜெயித்தவர்களில் சிறந்த இரண்டு அணிகளுக்கு முதல் சுற்று கிடையாது. நேரே இரண்டாம் சுற்று.

3. மீதி நான்கு அணிகள் மூன்று ஆட்டத் தொடர் ஆடும். மூன்று ஆட்டமுமே தர வரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்தில் நடக்கும்.

4. அதன் பிறகு ஐந்து ஆட்டத் தொடர், ஏழு ஆட்டத் தொடர், கடைசியில் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் ஏழு ஆட்ட உலகத் தொடர்.

1968 வரை பிளே ஆஃப் என்ற பேச்சே இல்லை. லீக்குக்கு ஒரு முதலிடம், அந்த இருவர் மட்டும் உலகத் தொடரில். ஆகஸ்ட் முடியும்போது பெரும்பாலான ஊர்களில் ரசிகருக்கு ஆட வேண்டிய ஆட்டம் மட்டும்தான் மிச்சம் இருக்கும், நம்பிக்கை இருக்காது. 12 அணி முறை இதை மாற்றியது. பாதி ஆட்டம் தோற்ற அணிகூட செப்டம்பர் நடுவில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். 83 வெற்றி என்பது நூற்றுக்கு 51. அந்தச் சாதாரண விகிதத்துக்கு ஒரு இடம் கிடைத்தது, ஒரு அணி அதே விகிதத்தில் வெளியே போனது.

சமநிலை வந்தால் என்ன? 2021 வரை அதைத் தீர்க்க 163ஆவதாக ஒரு ஆட்டம் ஆடுவார்கள். 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறார்கள். ஐபிஎல்லில் நெட் ரன் ரேட் செய்யும் வேலை அது. 2025இல் ரெட்ஸும் மெட்ஸும் ஆறு முறை மோதின. ரெட்ஸுக்கு நான்கு, மெட்ஸுக்கு இரண்டு. ஜூலை மாதம் நியூயார்க்கில் மெட்ஸ் சொந்த ரசிகர்கள் முன்னால் விட்ட அந்தத் தொடர்தான் செப்டம்பர் 28 அன்று வந்து கணக்குக் கேட்டது.

'ஆட்டம் பின்னால்' என்றால் என்ன?

புள்ளிப் பட்டியலில் புதியவர்களைக் குழப்புவது இந்தப் பத்திதான். சூத்திரம் எளிது: முன்னணி அணியின் வெற்றியிலிருந்து பின்னால் உள்ள அணியின் வெற்றியைக் கழியுங்கள். பின்னால் உள்ள அணியின் தோல்வியிலிருந்து முன்னணி அணியின் தோல்வியைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள்.

2025 ஜூலை 8 இரவு டெட்ராய்ட் டைகர்ஸ் 59 வெற்றி, 34 தோல்வி. கிளீவ்லாந்து 42 வெற்றி, 48 தோல்வி. வெற்றியில் வித்தியாசம் 17, தோல்வியில் 14. கூட்டினால் 31, பாதி 15.5. அதற்குச் சில நாள் முன்புதான் கிளீவ்லாந்து தொடர்ச்சியாகப் பத்து ஆட்டம் தோற்றிருந்தது. மீதி 72 ஆட்டத்தில் அது 46 ஜெயித்தது. டைகர்ஸ் மீதி 69இல் 28தான். முடிவில் கிளீவ்லாந்து 88, டெட்ராய்ட் 87. அதற்கு முன் 1914இல் பாஸ்டன் பிரேவ்ஸ் 15 ஆட்டம் பின்னாலிருந்து வந்ததுதான் பெரிய மீட்சி. 111 வருஷம் நின்ற கணக்கை கிளீவ்லாந்து தாண்டியது.

இன்னொரு சொல் 'மேஜிக் நம்பர்'. முன்னணி அணி இடத்தை உறுதி செய்ய இன்னும் எத்தனை நல்ல முடிவு வேண்டும் என்பது அது. 163லிருந்து முன்னணி அணியின் வெற்றியையும் இரண்டாம் அணியின் தோல்வியையும் கழித்தால் வரும். முன்னால் இருப்பவருக்கு 90 வெற்றி, பின்னால் இருப்பவருக்கு 68 தோல்வி என்றால் மேஜிக் நம்பர் 5. இவர் ஜெயித்தாலும் ஒன்று குறையும், அவர் தோற்றாலும் ஒன்று குறையும். அதனால்தான் செப்டம்பரில் ரசிகர்கள் வேறு ஊரில் நடக்கும் ஆட்டத்தின் ஸ்கோரையும் விடாமல் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, சதவீத வாய்ப்பு. மீதி ஆட்டங்களைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடவைத்து, எத்தனை முறை இந்த அணி உள்ளே வருகிறது என்று எண்ணுவார்கள். 2024 ஆகஸ்டில் டெட்ராய்டுக்கு வந்த எண் 0.2 சதவீதம். ஜூலை கடைசியில் நல்ல வீரர்கள் சிலரை விற்றுவிட்ட அணி அது. கடைசி 44 ஆட்டத்தில் 31 ஜெயித்து பிளே ஆஃபுக்கு வந்தது. 0.2 என்பதும் பூஜ்யம் கிடையாது. செப்டம்பரில் ரசிகர் வைத்திருக்கும் நம்பிக்கையை யாரும் அசட்டுத்தனம் என்று தள்ள முடியாததற்குக் காரணம் இந்த மாதிரி வருஷங்கள்தான்.

சம்பளம் எப்படித் தீர்மானமாகிறது?

முதலில் ஒரு அடிப்படை. ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே ஏலத் தொகை, அதற்குள் வாங்கியாக வேண்டும். மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு இல்லை. குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற வரம்பும் இல்லை. அதற்குப் பதில் இருப்பவை இவை:

1. முதல் மூன்று வருஷம் வீரர் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடுவார். 2025இல் அது 7.6 லட்சம் டாலர். எவ்வளவு பெரிய திறமைசாலி ஆனாலும் அணி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2. மூன்றிலிருந்து ஆறு வருஷம் வரை, ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம். சம்பளம் ஏறும், ஆனால் வேறு அணிக்குப் போக முடியாது.

3. ஆறு வருஷம் முடிந்ததும் சுதந்திரம். யாரோடும் பேரம் பேசலாம். 1975 டிசம்பரில் வந்த ஒரு நடுவர் தீர்ப்புதான் இந்தக் கதவைத் திறந்தது. அதற்கு முன் ஒரு வீரர் வாழ்நாள் முழுக்க ஒரே அணியின் சொத்து மாதிரி.

4. ஆடம்பர வரி. அணியின் மொத்தச் சம்பளம் 2025இல் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி. முதல் முறை 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருஷம் 30, மூன்றாவது வருஷம் முதல் 50. எல்லைக்கு மேல் 6 கோடியைத் தாண்டினால் அந்தப் பகுதிக்கு இன்னும் 60 சதவீதம். தொடர்ந்து தாண்டுகிற அணி அந்த உச்சியில் ஒரு டாலர் செலவழித்தால் 1.10 டாலர் வரி கட்டும்.

இந்த வரிக்காகப் பார்ப்பது அந்த வருஷம் கையில் கொடுத்த பணத்தை இல்லை, ஒப்பந்தத்தின் வருடாந்தர சராசரியை. சோட்டோவின் 76.5 கோடியை 15ஆல் வகுத்தால் 5.1 கோடி. ஷோஹெய் ஒட்டானி 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு போட்டது பத்து வருஷத்துக்கு 70 கோடி. ஆனால் அதில் 68 கோடியை ஆடி முடித்த பிறகு, 2034 முதல் 2043 வரை வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆடும் காலத்தில் வருஷத்துக்கு 20 லட்சம் டாலர்தான். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால் வரிக்கணக்கில் அவர் வருஷத்துக்கு சுமார் 4.6 கோடியாகத்தான் நிற்கிறார். தலைப்புச் செய்தியில் வரும் தொகையை மட்டும் வைத்து இரண்டு வீரர்களை ஒப்பிடுவது தவறு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பணத்தைத் தள்ளிப்போடுவது புதிய தந்திரம் கிடையாது. மெட்ஸின் பழைய வீரர் பாபி போனிலா கடைசியாக ஆடியது 2001இல். ஆனாலும் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் மெட்ஸ் அவருக்கு சுமார் 11.9 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். 2000இல் உடனே தரவேண்டிய 59 லட்சத்தை எட்டு சதவீத வட்டியோடு தள்ளிவைத்த ஒப்பந்தம் அது.

ஒரு ஆளால் எத்தனை வெற்றி தர முடியும்?

கிரிக்கெட்டில் வளர்ந்த கண்ணுக்கு இந்த இடம்தான் புதிது. டி20யில் ஒரு பேட்டர் நின்று 60 பந்து ஆடிவிட்டால் இன்னிங்ஸில் பாதி அவருடையது. பேஸ்பாலில் அது நடக்கவே நடக்காது. ஒன்பது பேர் வரிசையாக வர வேண்டும். நீங்கள் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடித்தாலும் உட்கார வேண்டும், மற்ற எட்டு பேர் முடித்த பிறகுதான் மறுபடி உங்கள் முறை. ஒரு ஆட்டத்தில் நான்கு அல்லது ஐந்து முறை. 2025இல் சோட்டோ 715 முறை பேட் பிடித்தார். ஒரு அணிக்கு சீசன் முழுக்கச் சுமார் 6,000 முறை வரும். எட்டில் ஒரு பங்குதான் அவர் கையில்.

பந்து வீசும் பிட்சரின் கதை வேறு விதம். தொடக்க பிட்சர் ஆடும் நாளில் ஆட்டமே அவர் கையில். ஆனால் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வருவார். மீதி நான்கு நாள் உட்கார்ந்து பார்ப்பார்.

இதை அளக்க 'வார்' என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எப்போதும் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று வீரர் அந்த இடத்தில் ஆடியிருந்தால் வருவதைவிட இவரால் எத்தனை வெற்றி கூடுதல் என்பது அது. அணி முழுக்கவே அப்படிப்பட்ட மாற்று வீரர்கள் என்றால் 162இல் சுமார் 48 ஜெயிக்கும் என்று கணக்கு. 90 வெற்றி வேண்டுமானால் அதற்கு மேல் 42 சேர்க்க வேண்டும். மிகச் சிறந்த வீரர் ஒரு நல்ல வருஷத்தில் ஆறு, ஏழு, எட்டு தருவார். சோட்டோ 2025இல் தந்தது சுமார் ஆறு. மீதி 36 எங்கிருந்தாவது வர வேண்டும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வரலாற்றைப் பார்த்தால் பல விஷயம் புரியும். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2000 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸோடு பத்து வருஷத்துக்கு 25.2 கோடி டாலருக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மயக்கம் வரவைத்த தொகை. அடுத்த மூன்று வருஷம் 52, 57, 47 ஹோம் ரன் அடித்தார். 2003இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அந்த மூன்று வருஷமும் அணி பிரிவில் கடைசி. மைக் ட்ரவுட்டும் ஒட்டானியும் 2018 முதல் 2023 வரை ஏஞ்சல்ஸில் சேர்ந்து ஆடினார்கள். இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த இரண்டு பேர் ஒரே சட்டையில். ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட அந்த அணி பாதி ஆட்டத்தை ஜெயித்து சீசனை முடிக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்து நட்சத்திரங்களைத் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரோட்ரிகஸ் தன் வேலையைச் செய்தார். ட்ரவுட் செய்தார். அவர்களைச் சுற்றி பிட்சிங்கைக் கட்டத் தவறியது அணியை நடத்தியவர்கள்.

மெட்ஸ் எங்கே தோற்றது?

2025 ஜூன் 12 அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி. 30 அணிகளில் அதுதான் முதலிடம். அதே நாள்தான் அணியின் சிறந்த தொடக்க பிட்சர் கோடாய் செங்கா முதல் பேஸை (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் முதலாவதை) மூட ஓடிப்போய் தொடைத் தசையில் அடிபட்டு வெளியே போனார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் தொடக்க பிட்சர்கள் இன்னும் இரண்டு பேர் காயத்தில் விழுந்தார்கள். செங்கா திரும்பி வந்தபோது பழைய செங்காவாக இல்லை. செப்டம்பரில் அவர் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள சிறிய லீக்குக்குப் போய் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒப்புக்கொண்டார்.

அந்த ஜூன் நாளுக்குப் பிறகு மெட்ஸ் 38 வெற்றி, 55 தோல்வி.

ஜூலை 31 வீரர் பரிமாற்றத்துக்குக் கடைசி நாள். அன்று ஒவ்வொரு அணியும் 'நாங்கள் வாங்குகிறோமா, விற்கிறோமா' என்று முடிவு செய்தாக வேண்டும். மெட்ஸ் வாங்கியது, ஆனால் பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸ்களுக்கான புல்பென் பிட்சர்களை. தொடக்க பிட்சர் ஒருவரைக்கூட வாங்கவில்லை. அதன் விளைவாக, செப்டம்பரின் முக்கியமான ஆட்டங்களில் நோலன் மெக்லீன், ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் என்று ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு முதன்முறையாக மேஜர் லீக் மைதானத்தில் இறங்கிய மூன்று இளைஞர்கள் மேல் பாரம் விழுந்தது. மெக்லீன் அற்புதமாகவே வீசினார். ஆனால் ஐந்து பேர் சுமக்க வேண்டியதை அவர் ஒருவர் சுமக்க முடியாது.

சோட்டோ? 43 ஹோம் ரன், 105 ரன் கொண்டுவந்தது, 38 பேஸ் திருடியது (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). இவ்வளவு ஹோம் ரன்னும் இவ்வளவு திருட்டும் அவர் எந்த வருஷமும் செய்ததில்லை. 'சம்பளத்துக்கு ஏற்ற ஆட்டம் இல்லை' என்று மே மாதம் எழுந்த முணுமுணுப்பு சீசன் முடிவில் நிற்கவில்லை. 5.1 கோடி டாலருக்கு என்ன வாங்க முடியுமோ அதை மெட்ஸ் வாங்கிவிட்டது. வாங்காமல் விட்டது, எட்டில் ஏழு பங்கு.

கிளீவ்லாந்திலும் ஒரு நட்சத்திரம் உண்டு. ஹொசே ராமிரெஸ் 2022இல் ஏழு வருஷத்துக்கு 14.1 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். வெளியே போயிருந்தால் இதைவிட நிறையக் கிடைத்திருக்கும். அவரைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் ஆறு வருஷம் முடியாத இளைஞர்கள், அதாவது மேலே சொன்ன முதல் இரண்டு கட்டத்தில் இருப்பவர்கள். குறைந்த செலவில் ஓடும் அணியின் ரகசியம் இதுதான். அந்த இளைஞர்கள் ஆறு வருஷம் முடிந்ததும் பணக்கார ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதும் அதே ரகசியத்தின் மறுபக்கம். அந்த வருஷம் கிளீவ்லாந்து முதல் சுற்றிலேயே, துரத்திப் பிடித்த அதே டெட்ராய்டிடம் சொந்த மைதானத்தில் தோற்றது.

அப்படியானால் ஏன் இவ்வளவு பணம்?

ஏனென்றால் அக்டோபரில் கணக்கு மாறுகிறது. பிளே ஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வரும். அதனால் ஐந்து தொடக்க பிட்சர் தேவையில்லை, மூன்றோ நான்கோ போதும். சிறந்தவர் திரும்பத் திரும்ப வருவார். 2025 உலகத் தொடரில் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தார், ஆறாவதை ஜெயித்தார், ஓய்வே இல்லாமல் மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் கடைசியில் வந்து அதையும் ஜெயித்தார். டொரன்டோவை 11 இன்னிங்ஸில் 5-4 என்று வென்ற ஆட்டம் அது. 162 ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே தரக்கூடியவர், வேண்டிய நான்கு வெற்றியில் மூன்றைத் தந்தார். அவருடைய ஒப்பந்தம் 12 வருஷத்துக்கு 32.5 கோடி டாலர்.

ஆனால் டாட்ஜர்ஸ் அந்த வருஷம் 93 ஆட்டம் ஜெயித்துத்தான் அங்கே வந்தது. ஒட்டானிக்கும் யமமோட்டோவுக்கும் கொடுத்த பிறகும் ஆறாவது, ஏழாவது தொடக்க பிட்சருக்குக் கொடுக்கப் பணம் மிச்சம் வைத்திருந்த அணி அது. பணம் இருந்தும் மெட்ஸ் செய்யாததும், பணம் இல்லாமல் பல ஊர்கள் செய்யவே முடியாததும் அதைத்தான்.

உச்சவரம்பு வந்தால் சரியாகிவிடுமா?

உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட இப்போதைய தொழில் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரை. அதனால் சம்பள உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் பலமாகக் கேட்கிறது. வீரர் சங்கம் அதை எப்போதும் எதிர்த்து வந்திருக்கிறது. 1994 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கும் காரணம் உரிமையாளர்கள் கேட்ட உச்சவரம்புதான். அந்த வருஷ உலகத் தொடரே ரத்தானது. அன்றைக்கு 74 வெற்றி, 40 தோல்வி என்று முதலிடத்தில் இருந்தது மாண்ட்ரியல் எக்ஸ்போஸ். அவர்களுடைய செப்டம்பர் வரவே இல்லை. பத்து வருஷத்தில் அந்த அணியே ஊரைவிட்டுப் போனது.

உச்சவரம்பு மட்டும் வந்தால் டாட்ஜர்ஸும் மெட்ஸும் கொஞ்சம் குறைத்துச் செலவழிக்கும். அதனால் செலவழிக்க மனமில்லாத உரிமையாளர் ஒரு டாலர்கூடக் கூட்டப் போவதில்லை. குறைந்தபட்சச் செலவு வரம்பும், டிவி வருமானத்தை ஊர்களுக்குள் இன்னும் சமமாகப் பிரிப்பதும் கூடவே வந்தால்தான் சின்ன ஊர் ரசிகருக்குப் பலன். முதல் மூன்று வருஷத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடும் இளைஞருக்கு அதிகம் கொடுப்பதையும் அதோடு சேர்த்துப் பேச வேண்டும். கிளீவ்லாந்தின் 88 வெற்றியில் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

சோட்டோவின் ஒப்பந்தம் 2039 வரை ஓடும். 2029 சீசன் முடிந்ததும் அவர் விலகிக்கொள்ளலாம். அதைத் தடுக்க வேண்டுமானால் மீதிப் பத்து வருஷத்துக்கும் வருஷத்துக்கு 40 லட்சம் டாலர் சேர்த்துக் கொடுக்கும் உரிமை மெட்ஸுக்கு இருக்கிறது. மொத்தம் 80.5 கோடி ஆகும். அந்த முடிவை எடுக்குமுன் அவர்களுக்கு 2026 முதல் நான்கு செப்டம்பர்கள்.